கெக்ரெஸின் கியர் பொக்ஸ் பதுளை ஏறிய கதை

வெல்லவாயவிலிருந்து எல்ல வரை சுமார் 27 கிலோமீற்றர். கீழே இருநூறு மீற்றர் உயரத்தைக்கூடத் தொடாத வீதி, ராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டி மேலே போய்ச் சேரும்போது ஆயிரம் மீற்றரைக் கடந்துவிடுகிறது. கல் ஏற்றிய லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஹைபிரிட் கார் ஒன்று, கியர் பொக்ஸ் சூடாகிவிட்டது, ஓரத்தில் நிறுத்து என்று திரையில் கெஞ்சுவது இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்குப் பழகிய காட்சி. கார் பெரும்பாலும் ஹொண்டா ஃபிட், இல்லையென்றால் வெசெல். அந்தக் கியர் பொக்ஸ் ஏன் கெஞ்சுகிறது என்று விளங்க, அது பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸின் மோட்டார் வாகனங்களைப் பராமரித்தவர். பேரரசரின் கார் பனியில் ஓடுவதற்காகப் பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர் பட்டை பூட்டியவர். புரட்சி வந்ததும் பிரான்ஸுக்குத் திரும்பினார். 1939இல் அவர் முன்வைத்த யோசனைதான் இரட்டைக் கிளச். ஒன்று, மூன்று, ஐந்து என்ற கியர்களுக்கு ஒரு கிளச். இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொன்று. மூன்றாம் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காம் கியர் கோத்துத் தயாராக நிற்கும். ஒரு கிளச் விட, மற்றது பிடிக்கும், இழுவை அறுபடாது. உலகப் போர் வந்தது, 1943இல் கெக்ரெஸ் காலமானார், யோசனை காகிதத்தில் தூங்கியது. எண்பதுகளில் போர்ஷே அதைப் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. 2003இல் ஃபோக்ஸ்வாகன் விற்பனைக் காருக்குக் கொண்டுவந்தது.

2013 செப்டெம்பரில் ஹொண்டா தனது மூன்றாம் தலைமுறை ஃபிட் ஹைபிரிட்டில் இதற்குப் புது உருவம் கொடுத்தது. ஏழு கியர், எண்ணெயில் நனையாத இரண்டு உலர் கிளச், கியர் பொக்ஸுக்குள்ளேயே ஒரு மின்மோட்டார், பின்புறம் ஒரு லித்தியம் பெட்டரி. ஜப்பானிய அளவுமுறையில் லீற்றருக்கு 36.4 கிலோமீற்றர் என்று அறிவித்தார்கள். அந்த டிசெம்பரில் வெசெலும் இதே கியர் பொக்ஸோடு வந்தது.

ஃபிட் வந்த மறுமாதமே சிக்கல் தொடங்கிவிட்டது. 2013 ஒக்டோபரில் முதல் திரும்ப அழைப்பு. 2014 பெப்ரவரியில் கியர் பொக்ஸை ஆளும் மென்பொருளில் கோளாறு என்று 81,000க்கும் மேற்பட்ட ஃபிட், வெசெல் கார்களை மீண்டும் அழைத்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் ஃபிட்டுக்கு ஐந்தாவது அழைப்பு வந்தபோது, நிறுவனத் தலைவர் உட்பட உயரதிகாரிகள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். கியர் பொக்ஸைப் பொறுத்தவரை இரும்பு பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்தது. எந்தக் கிளச் எப்போது, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளைதான் தடுமாறியது.

அங்கிருந்து இலங்கைக்கு. இடப்பக்கம் ஓட்டும் நாடு, வலப்பக்க ஸ்டியரிங், சுங்கவரியில் ஹைபிரிட்டுக்குக் கிடைத்த சலுகை என்று எல்லாம் பொருந்தி வந்தது. ஜப்பானிய ஏலச் சந்தையில் தரமதிப்பீட்டுத் தாளோடு வாங்கப்பட்டு, கார்க் கப்பலில் ஏறி, பல வண்டிகள் 2012 முதல் வாகனங்களைக் கையாளும் ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் இறங்கின. வரைபடத்தில் பார்த்தால் அங்கிருந்து ஊவா பக்கம்தான். ஆனாலும் கொழும்புப் பக்கத்தில் ஒருவர் கையில் சில வருடம் ஓடி, லீசிங் முடிந்து கைமாறித்தான் பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைக்கு அநேக வண்டிகள் வந்தன. தோட்டத்திலிருந்து படித்து ஆசிரியரானவர்கள், கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் பிள்ளைகளின் பணத்தில் முதல் கார் வாங்கும் குடும்பங்கள், ஹயர் ஓடுகிறவர்கள் என்று இங்கே வாங்குகிறவர் பலருக்கும் கார் என்றால் இரண்டாம், மூன்றாம் கைதான்.

தட்டை நிலத்தில் இந்தக் கார் மின்மோட்டாரால் மெல்லப் புறப்படும்; கிளச்சுக்கு வேலை குறைவு. நீண்ட ஏற்றத்தில் பெட்டரி இறங்கிவிடும். பிறகு ஒவ்வொரு புறப்பாட்டையும் என்ஜினே செய்ய வேண்டும். அதற்குக் கிளச் பாதி பிடித்து உரச வேண்டும். லொறிக்குப் பின்னால் ஊர்ந்து, நின்று, மீண்டும் ஊர்ந்தால் உரசல் ஓயாது. பிரேக்கை மிதிக்காமல் அக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே மேட்டில் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் இதைவிடக் கெடுதி. உலர் கிளச்சின் சூட்டை எடுத்துப்போக எண்ணெய் இல்லை. திரையில் வரும் அந்த எச்சரிக்கை பழுதின் அறிவிப்பு அல்ல. பழுதாகாமல் தடுக்கிற அறிவிப்பு. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பல தடவை அதோடு சரி. ஆறிய பிறகும் கியர் மாறும்போது உதறினால், ஒற்றைப்படைக் கியரில் மட்டும் அதிர்ந்தால், அப்போதுதான் கராஜுக்கு வேலை.

கராஜில் மெக்கானிக் பாஸ் முதலில் செய்வது ஸ்கேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு ஊசிச் சொருகி, அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமான ஒழுங்கின் வாரிசு. அதில் ஸ்கேனரைச் சொருகினால் கிடைக்கும் பிழைக் கோடின் முதல் எழுத்து பி என்றால் என்ஜின், கியர் பொக்ஸ் பகுதி. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பனிக்கும் பொதுவான கோட், 1 என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பனியின் சொந்தக் கோட். அதற்கடுத்த இலக்கம் 7 என்றால் கியர் பொக்ஸ்.

பி0700 வந்ததும் கியர் பொக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. கியர் பொக்ஸின் கணினி ஏதோ முறையிட்டிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். முறைப்பாடு என்னவென்று அந்தக் கணினிக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பலவற்றால் அங்கே நுழைய முடியாது. தோட்டத்துச் செக்ரோலில் ஒருவருக்குப் பேர் விழவில்லை என்றால் அவர் வரவில்லை என்று தெரியும். காய்ச்சலா, கல்யாணமா என்று செக்ரோல் சொல்லாது. கோடும் அப்படித்தான்.

பி0730 கியர் விகிதம் பொருந்தவில்லை என்கிறது: கிளச் வழுக்கலாம், வேக உணரி பொய் சொல்லலாம். பி0300 சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்கிறது. பிளக்கோ கொயிலோ காரணமாக வரும் அந்த உதறலை ஓட்டுநர் கியர் உதறல் என்றே சொல்வார். பி0562 மின்னழுத்தம் குறைவு. சாதாரண 12 வோல்ட் பெட்டரி கிழமாகிவிட்டால் ஹைபிரிட் காரில் கோட்கள் கூட்டமாக வந்து விழும். பெட்டரியை மாற்றியதும் பாதி மறையும். நல்ல பாஸ் கோடோடு நிற்கமாட்டார். அது விழுந்த கணத்தில் வேகம் எவ்வளவு, என்ஜின் சூடு எவ்வளவு, சுமை எவ்வளவு என்று கணினி பதிந்து வைத்திருப்பதையும் எடுத்துப் பார்ப்பார். பிறகு அதே மாதிரி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்ப்பார். கியர் பொக்ஸைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் கோட், காருக்கு வாரம் 20 லீற்றர். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டும் இருந்த வண்டியையே ஓட்டினார்கள். அதே காலத்தில் ஹொண்டா இந்தக் கியர் பொக்ஸைக் கைவிட்டது: 2020இல் ஃபிட்டிலிருந்தும், 2021இல் வெசெலிலிருந்தும், 2024இல் ஃப்ரீட்டிலிருந்தும் அது நீங்கியது. ஜப்பானில் அதன் வம்சம் முடிந்துவிட்டது. ஊவாவில் பத்து வயது தாண்டிய கியர் பொக்ஸ்கள் இன்னும் மலை ஏறுகின்றன.

இதை வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. மலைக்கு ஏற்றபடி ஓட்டினால் உழைக்கும் வண்டிதான்: மேட்டில் முன்வண்டிக்கு இடைவெளி விட்டு ஒரே மூச்சில் ஏறுங்கள், நின்றால் பிரேக்கில் நில்லுங்கள், இறக்கத்தில் எல் கியருக்கு மாற்றுங்கள். வாங்குமுன் சேசிஸ் இலக்கத்தை ஹொண்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் போட்டு, திரும்ப அழைப்பு வேலைகள் முடிந்தனவா என்று பாருங்கள். ஸ்கேன் செய்யும்போது கோட் இருக்கிறதா என்பதோடு, கோட்கள் அழிக்கப்பட்டு எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். முப்பது, நாற்பது என்று வந்தால், உங்களுக்குக் காட்டுவதற்காகவே நேற்று யாரோ துடைத்திருக்கலாம். கடைசியாக, பதுளை டவுனுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு வண்டியை மேட்டில் விட்டு, நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு.