கல்லூரிக்குக் கிழக்கே ஒரு சொல்

பிள்ளைச்சாவடியில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2020-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நம் நிறுவனத்தின் வளர்ச்சியை மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். நான் எழுத நினைத்தது, வளாகத்துக்குக் கிழக்கே விரியும் இந்தச் சோழமண்டலக் கரை ஆங்கிலத்துக்குக் கொடுத்த 'கேட்டமரான்' என்ற சொல்லைப் பற்றி.

அது நம் கட்டுமரம்தான். ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் இக்கரைக் கட்டுமரத்தைக் குறிப்பிடுகிறார். ஏறியவரின் கால் எந்நேரமும் தண்ணீரிலேயே கிடக்கும் கலம் அவருக்கு வியப்பாக இருந்திருக்கிறது. துறைமுகம் இல்லாத, அலை முறியும் கரைக்கு அதுவே பொருத்தம். இலேசான கட்டைகளைச் செதுக்கிக் கயிற்றால் பிணைப்பார்கள். மேலேறிய நீர் இடுக்கு வழியே இறங்கிவிடும், மூழ்காது. கரையேறியதும் கட்டு அவிழ்த்துக் காயவைப்பார்கள்.

1876-இல் நத்தனேல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் முந்தினார். அவ்வகைப் படகுக்கே 'கேட்டமரான்' என்ற பெயர் நிலைத்தது. அமைப்பில் அது பசிபிக் தீவுகளின் இரட்டை ஓடத்துக்கு உறவு. நம்மிடமிருந்து போனது பெயர் மட்டும். இதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை!

பிறகு சொல்லையும் பிரித்துக்கொண்டார்கள். பாய்மரப் பந்தயக்காரர்கள் சுருக்கமாக 'கேட்' என்கிறார்கள்: கட்டு மிஞ்சியது, மரம் போனது. மூன்று உடல் படகுக்கு 1940-களில் 'டிரைமரான்' என்று பெயர் வந்தபோது கட்டு போய் மரம் மிஞ்சியது. நம் மீனவர்களும் 'மரம்' என்றுதானே சொல்வார்கள்?

ஊர்ப்பெயரின் பின்பாதியும் கடல் கடந்ததுதான். சாவடி ஆங்கிலேயரிடம் 'சௌல்ட்ரி' ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்களிடம் 'ஷோத்ரி' ஆகி, 18-ஆம் நூற்றாண்டுப் புதுவையில் உள்ளூர் மக்களின் வழக்குகளை விசாரித்த நீதிமன்றத்துக்கே பெயராயிற்று.

2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. பயன்பாட்டிலிருந்து ஒதுங்கிய ஒரு மரத்தை விலை கொடுத்து வாங்கி, இயந்திரவியல் துறை வாசலில் கட்டு அவிழ்த்தே வைக்கலாம் என்பது என் யோசனை. ஆண்டுக்கொரு முறை குப்பத்துப் பெரியவர்களை மரியாதையோடு அழைத்தால், பிணைப்பதை மாணவர்களுக்கு அவர்களே சொல்லித்தருவார்கள்.