புன்னைக்காயலில் தமிழ்ப் பரீட்சை

தமிழ் வாத்தியாராக இருந்தவன் ஊர்ப் பழமை பேசினாலும் பேச்சு பரீட்சையில்தான் போய் நிற்கும். எங்கள் புன்னைக்காயலைப் பற்றி எழுதுகிறவர்கள் 1586இல் அச்சான ‘அடியார் வரலாறு’ பற்றித் தவறாமல் சொல்வார்கள். அந்நூலைத் தந்த போர்த்துக்கீசியச் சாமியார் அண்டிரிக் அடிகளார் வெளிநாட்டுச் சாமியார்களைத் தமிழில் சோதித்த விதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அவருக்கு முன், 1542இல் எங்கள் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பத்துக் கட்டளை எல்லாவற்றையும் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்தார். தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பிசகாமல் ஒப்பித்தால் தேர்ச்சி. ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவருக்குப் போதிக்க ஆள் போதாத காலத்தில் அதுவே பெரிய காரியம்.

1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிரிக்குக்கு ஒப்பித்தல் போதவில்லை. காரணம், சாமியாரிடம் தம் பாவங்களைச் சொல்லி அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம். மந்திரத்தை நெட்டுருப் போடலாம். எதிரே முழந்தாளிட்டிருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்பதை எப்படி நெட்டுருப் போடுவது? நடுவில் மொழிபெயர்க்கும் துபாசியை உட்கார்த்தினால் ரகசியம் ஏது? ஆகவே துபாசியை விட்டுவிட்டுத் தாமே பேசக் கற்றார். லத்தீன் இலக்கண முறையில் தமிழ் வினைகளை வகைப்படுத்தி எழுதினார். அந்தக் கையெழுத்துப்படி இன்றும் லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் அவரது தமிழ் நூல் 1580இல் கொச்சியில் அச்சேறியது.

சாமியார்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், மீறினால் தண்டனை என்றும் அண்டிரிக் ஒரு விதி வைத்தார். ஆசிரியப் பயிற்சியில் அடைவுச் சோதனை, குறையறி சோதனை, திறனறி தேர்வு என்று நாங்கள் படித்த மூன்றும் இந்தக் கரையில் இருந்திருக்கின்றன. சவேரியார் முறை அடைவுச் சோதனை: சொல்லிக்கொடுத்தது வந்ததா? தண்டனை விதி குறையறி சோதனை: வாய்தவறிப் போர்த்துக்கீசியம் வரும் இடம்தான் தமிழ் போதாத இடம். பாவசங்கீர்த்தனம் திறனறி தேர்வு: எதிர்பாராத பேச்சையும் புரிந்து பதில் சொல்ல வருமா? அதில் வினாத்தாள் கிடையாது. சோதிப்பவர் முத்துக்குளிக்கும் பரதவர்.

இதற்கு மாறான பரீட்சையும் பின்னால் வந்தது. 1812இல் சென்னையில் கும்பினி அதிகாரி எல்லிஸ் முயற்சியால் கோட்டைக் கல்லூரி தொடங்கி, கிழக்கிந்தியக் கும்பினியின் இளம் அதிகாரிகளைத் தமிழில் பரீட்சித்தார்கள். அங்கே நோக்கம் ஆட்சி, சோதித்தவர்கள் கல்லூரிக்காரர்கள். தேறினால் பதவி உயரும். வழக்குக்கு வந்த குடியானவனுக்கு அங்கே மதிப்பெண் போடும் உரிமை இல்லை.

பரீட்சை வைப்பது யாருக்காக என்பதைப் பொறுத்தே அதன் வகையும் அமைகிறது. நம் பள்ளிப் பரீட்சையில் எழுத்துக்கே முதலிடம் என்பதால் ஒப்பித்து எழுதுகிற பிள்ளை முந்திவிடுகிறது. அடுத்தவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு, புரிந்து, பதில் சொல்கிற பிள்ளைக்கும் மதிப்பெண் உண்டென்றால் வகுப்பறைப் பாடமே மாறிப்போகும். அண்டிரிக் 1600இல் இறக்கும்வரை பெரும்பாலும் இந்தக் கரையிலேயே பணியாற்றினார். அவர் எழுதிய பரீட்சைக்குக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கவில்லை.