படைக்கு வந்த பொறி

தென்னிலங்கையிற் கடை வைத்து வாழ்ந்த காரைநகர் வணிகர் ஓர் உண்மையை நன்கறிவர்: பழுதுற்ற தராசைக் கொண்டு வாணிபம் வளராது. இலங்கை வானொலியின் வரலாறும் இதற்குச் சான்றாகும்.

1920களில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு ஒலிபரப்பியை அமைத்தார் என்பர். 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. எளிய அக்கருவி முன்னோடியாயிற்று. ஆயின் நெடுந்தொலைவு செல்லும் வலுவை அது பெற்றிலது.

அவ்வலு படையினர் வழியாக வந்தது. தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் வானொலிக்காக 1946இல் 100 கிலோவாற்றுச் சிற்றலை ஒலிபரப்பியொன்று இயங்கலாயிற்று. 1949இல் அந்நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிற்றலைகள் வானின் மேலடுக்கிலே தெறித்து, கடல் கடந்து நெடுந்தொலைவில் இறங்கும் இயல்புடையன. எனவே 1950இல் தொடங்கிய வர்த்தக சேவை இந்தியாவிலும் பெருந்திரளான நேயர்களைப் பெற்றது. விளம்பர வருவாயும் பெருகிற்று.

எனினும் பொறி மட்டும் இப்பயனைத் தந்துவிடவில்லை. படைவீரர்க்கென அமைந்ததை மக்கள் விரும்பும் இசைக்கும் வணிகர் தம் அறிவிப்புக்கும் உரியதாக்கிய மதியே அதனைத் தந்தது. புதுக் கருவி வாங்குவோர், அதன் குரல் யாரைச் சென்றடைய வேண்டுமென்பதை முதலில் எண்ணுதல் வேண்டும்.