இதயச் சுவரில் இல்லாத துளை

ஒரு நூலை ஓராயிரம் ஆண்டுகள் வரிபிசகாமல் ஓதியவர்கள், அதிலிருந்த ஒரு பிழையைக் காணாமலேயே கடந்துபோன வரலாறு மருத்துவத்தில் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலனை அரபுகள் ஜாலீனூஸ் என்று அழைத்தனர். இதயத்தின் வலது அறையிலுள்ள இரத்தம், நடுச்சுவரில் அமைந்த நுண்துளைகளின் வழியே இடது அறைக்குக் கசிகிறது என்று அவர் எழுதிவைத்தார். அத்துளைகளை எவரும் பார்த்ததில்லை. ஆனால் அவை கண்ணுக்குப் புலப்படாதவை என்று ஆசானே சொல்லிவிட்ட பிறகு, ‘எனக்குத் தெரியவில்லையே’ என்று எழுந்து கேட்க எந்த மாணவனுக்கு நா எழும்? 1037-இல் மறைந்த பேரறிஞர் இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ நூலும் இரு அறைகளுக்கும் இடையே வழியுண்டு என்பதையே ஏற்றுக்கொண்டது. அந்நூல்தான் பிற்காலத்தில் கிழக்கிலும் மேற்கிலும் மருத்துவ மாணவர்களின் பாடநூலாக விளங்கியது.

அந்தத் துளை இல்லை என்று முதலில் எழுதியவர் அலாவுத்தீன் இப்னு நஃபீஸ். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிஷ்க் (டமாஸ்கஸ்) பகுதியில் பிறந்தவர். அந்நகரின் நூரீ மருத்துவமனையில் அத்தக்வார் என்னும் ஆசிரியரிடம் பயின்றவர். அன்றைய கல்விமுறை இன்றைய அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு அந்நியமானதன்று. மூலநூலை ஆசிரியர் முன்னிலையில் வாசிக்க வேண்டும்; விளக்கம் கேட்க வேண்டும்; பின்னர் தேர்ச்சி பெற்றவர் தாமே அதற்கொரு ‘ஷரஹ்’, அதாவது விரிவுரை எழுதலாம். இப்னு நஃபீஸும் அவ்வாறே கானூனின் உடற்கூற்றியல் பகுதிகளுக்கு விரிவுரை எழுதினார். 1242-ஆம் ஆண்டளவில் அது முடிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது முப்பதைச் சுற்றி இருக்கும்.

முன்னோரின் கூற்றை விளக்க வேண்டிய இடத்தில் அவர் அதை மறுத்தார். நடுச்சுவர் கெட்டியானது, அதில் கண்ணுக்குத் தெரியும் வழியும் இல்லை, ஜாலீனூஸ் எண்ணியதைப் போன்ற தெரியாத வழியும் இல்லை என்றார். அப்படியாயின் இரத்தம் எவ்வழியே செல்லும்? வலது அறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, நுரையீரலிலிருந்து வரும் நாளத்தின் வழியாக இடது அறையை அடைந்தாக வேண்டும் என்று முடிவு செய்தார். நுரையீரலுக்குச் செல்லும் நாளத்திற்கும் அங்கிருந்து திரும்பும் நாளத்திற்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டார். நுரையீரலின் தந்துகிகளை இத்தாலியின் மால்பீகி நுண்ணோக்கியால் கண்டது 1661-இல்.

இதற்கு அவரிடம் புதிய கருவி ஏதும் இருக்கவில்லை. மார்க்கச் சட்டமும் இயல்பான இரக்கமும் பிரேதங்களை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்று அந்நூலின் முன்னுரையிலேயே அவர் கூறுகிறார். (அதை அப்படியே நம்பாத வரலாற்றாசிரியர்களும் உண்டு.) மற்றவர்கள் கையில் இருந்த அதே நூல்களே அவர் கையிலும் இருந்தன.

ஆனால் அவர் மருத்துவர் மட்டும் அல்லர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் கற்பித்தவர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் ஓதிவந்த அதே மத்ஹபின் சட்டக்கலை அது. ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் தாஜுத்தீன் சுப்கீ அவர்கள், இவரையும் அவ்வரிசையில் சேர்த்திருக்கிறார். ஹதீஸ் கலை, அரபு இலக்கணம், தர்க்கம் ஆகியவற்றிலும் அவர் எழுதினார். தனித்தீவில் தோன்றிய ஒரு மனிதன் தன் அறிவால் மட்டுமே இறைவனையும் நபித்துவத்தையும் உணர்ந்துகொள்வதாக ‘அர்ரிஸாலா அல்காமிலிய்யா’ என்ற கதையையும் படைத்தார். ஒரு கூற்றைச் சொன்னவர் எவ்வளவு பெரியவர் என்பதோடு நில்லாமல், அதற்குச் சான்று என்ன என்று கேட்பது உஸூல் கலையின் பாலபாடம். அந்தக் கேள்வியை அவர் மருத்துவமனைக்குள்ளும் எடுத்துச் சென்றார் என்றே நான் கருதுகிறேன். நஹ்யான் ஃபேன்சி என்னும் வரலாற்றாய்வாளர் 2013-இல் வெளியான தம் நூலில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்: ஆன்மா குறித்தும் மறுமையில் உடல் எழுப்பப்படுவது குறித்தும் இப்னு நஃபீஸ் கொண்டிருந்த சிந்தனைகளே, இதயத்தைப் பற்றிய பழைய கோட்பாட்டை அவர் கைவிடக் காரணமாயின என்பது அவர் வாதம்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் ‘எந்த குரூப்?’ என்று கேட்கும் வீடுகள் நம்முடையவை. உயிரியல் எடுத்தவனுக்கு நீட் போதும். வரலாறும் இலக்கியமும் எதற்கு? ஆலிம் படிப்புக்குப் போனவனுக்கு அறிவியல் எதற்கு? இப்படிப் பதினைந்து வயதில் எழுப்பப்படும் சுவர் எழுபது வயதுவரை நிற்கிறது. இப்னு நஃபீஸ் நம் தெருவில் பிறந்திருந்தால், இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்றே அவருக்கும் அறிவுரை கூறியிருப்போம்.

அவருக்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவர் பெயரில் நெடுங்காலம் பாடமாக ஓதப்பட்டது இந்த விரிவுரை அன்று. ‘மூஜஸ்’ எனப்படும் கானூனின் சுருக்கமே. அது கையடக்கமானது, மாணவர்க்கு ஏற்றது. அதற்கு விரிவுரைகளும், அவ்விரிவுரைகளுக்குக் குறிப்புரைகளும் பெருகின. இந்தியாவின் யூனானி மருத்துவர்களும் அதைப் பாடமாகக் கற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவில் அது அச்சேறியது. அந்தச் சுருக்கத்தில் உடற்கூற்றியல் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் ஓரிரு விரிவுரையாளர்கள் அவருடைய கருத்தை எடுத்தெழுதினார்கள் என்பது உண்மை. ஆயினும் பாடம் மாறவில்லை.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் நிலையும் இதைவிட மேலானதன்று. பிணங்களைத் தம் கையால் அறுத்துப் பார்த்த வெசேலியஸ்கூட, 1543-இல் அச்சுவரின் வழியே இரத்தம் கசிவதை வியந்துதான் எழுதினார். வெளிப்படையாக ஐயுறுவதற்கு 1555-ஆம் ஆண்டின் மறுபதிப்பு வரை சென்றது. நுரையீரல் வழியாக இரத்தம் செல்வதை ஐரோப்பாவில் முதன்முதலில் அச்சில் எழுதிய செர்வீட்டஸும் மருத்துவத்தோடு இறையியலும் கற்றவர். 1553-இல் வெளிவந்த அவருடைய நூலும் இறையியல் நூலே. அதே ஆண்டு ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். ஹார்வியின் நூல் 1628-இல் வந்தது.

இப்னு நஃபீஸ் 1288-இல் கெய்ரோவில் மறைந்தார். இறுதி நோயில் மருந்தாக மதுவைத் தரவந்தபோது, அதை உடலில் சுமந்தபடி அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்று மறுத்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வீட்டையும் நூல்களையும் மன்சூரீ மருத்துவமனைக்கு எழுதிவைத்திருந்தார்.

1924-இல் முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, பெர்லின் நூலகத்திலிருந்த அந்த விரிவுரையின் கையெழுத்துப் பிரதியைப் படித்தார். மருத்துவம் அறிந்த அவருடைய பேராசிரியர்களுக்கு அரபு தெரியாது. மாணவர் சொல்வதை நம்புவதா, தள்ளுவதா என்று விளங்காமல், ஆய்வேட்டின் பிரதியைக் கெய்ரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே அதைச் சரிபார்த்து, உண்மைதான் என்று உலகுக்கு அறிவித்தவர் மாக்ஸ் மேயர்ஹோஃப். அவர் ஒரு கண் மருத்துவர்; அரபு மொழியையும் ஆழ்ந்து கற்றிருந்தார்.