வீட்டுக்கல்வி: தெரிவு யாருடையது?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது, நகரத்துக் குடும்பங்கள் சில அண்மையில் தொடங்கிய புதுமுயற்சியாகவே இங்கு பேசப்படுகிறது. வீட்டைக் கல்விக்கூடமாகக் கருதும் எண்ணம் நமக்குப் புதிதன்று. 1953-இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாநில அரசு, கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு 5 மணியிலிருந்து 3 மணியாகக் குறைத்தது. பிள்ளைகளில் ஒரு பகுதியினர் காலையில் வரவேண்டும், மறு பகுதியினர் அதன் பிறகு. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே கூடுதல் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசின் கணக்கு. எதிர்த்தவர்கள் அதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

இதை அரசியல் வரலாறாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். கல்வியியல் நோக்கில் அது எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை: எந்த வீடு? மூன்று மணி நேரம் முடிந்து வாத்தியார் மகன் திரும்பிய வீட்டில் புத்தகம் இருந்தது. சலவைத் தொழிலாளியின் வீட்டிலிருந்து அழுக்கு மூட்டை ஆற்றங்கரைக்குப் போயிற்று. அதன் பின்னால் அவர் மகனும் போகவேண்டியிருந்தது.

இன்று வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர்மீது அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமன்று. அன்று அரசு திணித்தது. இன்று பெற்றோர் விரும்பி ஏற்கிறார்கள். அவர்களுடைய காரணங்கள் வலுவானவை. எழுத்துகளைப் பிரித்தறிய முடியாமல் திணறும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். ‘ப’வை ‘ய’ என்று படிப்பான். வகுப்பில் அவன் முதல் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், பக்கத்துப் பெஞ்சில் சிரிப்பும் எழும். வீட்டில் அம்மா தட்டில் அரிசியைப் பரப்பி, அவன் விரலைப் பிடித்து எழுத வைத்து, எத்தனை நாளானாலும் காத்திருக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்திருக்கிறது. அப்படியிருந்தும் பள்ளி என்றாலே நடுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு ஒரு புகலிடம் என்பதை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன்.

ஏற்க முடியாதது வேறொரு வாதம். முற்காலத்தில் எல்லாரும் பள்ளிக்கூடம் போயா படித்தார்கள் என்று கேட்டு, உ.வே. சாமிநாதையரைச் சான்றுக்கு அழைக்கிறார்கள். ‘என் சரித்திரம்’ அதற்கு நேர்மாறாக அல்லவா சாட்சி சொல்கிறது! அவருடைய தந்தை இசையறிவும் தமிழறிவும் உள்ளவர். மகனுக்குத் தாம் கற்பித்தது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அரியலூர், குன்னம், செங்கணம் என்று ஆசிரியரைத் தேடிக் குடும்பத்தையே ஊர் ஊராகப் பெயர்த்துக்கொண்டு போனார். கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தம் அறிவின் எல்லை தம் பிள்ளையின் எல்லையாகிவிடக் கூடாது என்று அந்தத் தந்தை பட்ட பாடுதான் நமக்குக் கிடைத்த பதிப்புகளுக்கெல்லாம் வேர்.

வெளியார் ஒருவரின் கண்ணும் கையும் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டும் என்பதே என் வாதத்தின் மையம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இதைக் கண்கூடாகக் கண்டோம். எத்தனையோ வீடுகளில் இருந்த ஒரே கைபேசி, காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்துக்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று பெயர். ஆயினும் அது செய்தது, மாலையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர் ஒருவரை அவர்களுக்கு ஆசிரியராக்கியதுதான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை அருகமைப் பள்ளிக் கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது 10-ஆம் பிரிவு. தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. இந்த மௌனத்தின் நிழலில்தான் வீட்டுக்கல்வி நடக்கிறது. பின்னர் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தனித்தேர்வராகவோ தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றுவிடலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட சிறுமிக்கும் அரசின் கண்ணில் வேறுபாடே இல்லை. இதுதான் என்னை வருத்துகிறது.

2012-இல் செய்த திருத்தம் ஒன்று இங்கு முக்கியம். பல்வகை ஊனமும் கடும் ஊனமும் உள்ள பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வியைத் தெரிவுசெய்யலாம் என்கிறது அது. அந்த உரிமையைச் சட்டம் பெற்றோர் கையில் கொடுக்கவில்லை. பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறது.

அமெரிக்காவில் 1972-இல் யோடர் வழக்கில், எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் சமயப் பெற்றோருக்கு உச்ச நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். மூன்று குடும்பத்துப் பிள்ளைகளில் ஒரு சிறுமிதான் சாட்சி சொல்லியிருந்தாள். மற்ற இருவருடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்பது அவர் எழுப்பிய தடை. ஜெர்மனி நேரெதிர்த் திசையில் போய், வீட்டுக்கல்வியை ஏறத்தாழ முற்றாகவே மறுக்கிறது. பள்ளியில் நொந்துபோன பிள்ளைக்கு அது கொடுமை. நமக்கு உதவுவது டக்ளஸின் கேள்விதான்.

ஆகவே வீட்டுக்கல்வியைத் தடுக்கவேண்டியதில்லை, பதிவுசெய்யவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பயிற்சி பெற்ற கல்வி அலுவலர் ஒருவர் பிள்ளையைப் பெற்றோர் உடனில்லாமல் சந்திக்கவேண்டும். மனப்பாடத்தைச் சோதிக்க அன்று: யாரோடு விளையாடுகிறாய், என்ன படிக்க ஆசை, பள்ளிக்குப் போக விருப்பமா என்று கேட்கவே. விருப்பம் என்று பிள்ளை சொன்னால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர 4-ஆம் பிரிவு ஏற்கெனவே வழிசெய்திருக்கிறது. அப்படி ஒரு வழி தனக்கு இருப்பதைப் பிள்ளைக்குப் புரியும் சொற்களில் எடுத்துச் சொல்வது, அந்த அலுவலரின் முதல் வேலையாக இருக்கவேண்டும்.