கீழடி கரித்துண்டும் கார்பன்-14 கடிகாரமும்

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. போனால் கீழடி. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை வந்ததிலிருந்து "கி.மு. 580" என்ற எண் எல்லார் வாயிலும் இருக்கு. நான்காம் கட்ட அகழாய்வில் (2017-18) எடுத்த ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவில் மியாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்கு வந்த விடை கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205. சரி, இந்த எண் எப்படி வருது?

கார்பன் அணு எல்லாத்துக்கும் 6 புரோட்டான்தான். நியூட்ரான் எண்ணிக்கை மாறினால் அது வேற ஐசோடோப்பு. கார்பன்-12இல் 6 நியூட்ரான், கார்பன்-14இல் 8. காற்றில் இருக்கிற கார்பனில் லட்சம் கோடி அணுவுக்கு ஏறக்குறைய ஒண்ணுதான் கார்பன்-14. அதன் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளும். அணு நைட்ரஜன்-14 ஆகிவிடும். இதுதான் பீட்டா சிதைவு. அரை ஆயுள் 5730 ஆண்டுகள். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து புது கார்பன் வரும். செத்ததும் வரவு நின்று, செலவு மட்டும் நடக்கும். 2600 ஆண்டுப் பழைய கரியில் சுமார் 73 சதவீதம் மிஞ்சும். 1949இல் வில்லார்ட் லிபி, வயது ஏற்கெனவே தெரிந்த எகிப்திய மரத்துண்டுகளை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார். 1960இல் நோபல் பரிசு.

சிக்கல் எங்கே என்றால், காற்றில் கார்பன்-14 அளவு எப்பவும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதனால் மர வளையங்களோடு ஒப்பிட்டுத்தான் ஆண்டைத் திருத்தணும். அந்தத் திருத்த வரைகோடு கி.மு. 800க்கும் 400க்கும் நடுவில் கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்குது. கி.மு. 700இன் கரியும் கி.மு. 450இன் கரியும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். நம்ம 580 விழுவது சரியா அந்த இடத்தில்தான்! ஆக அது ஒரு வருஷம் இல்லை, ஒரு நீண்ட இடைவெளி.

இன்னொண்ணு: கார்பன் சொல்வது அந்த மரப்பகுதி வளர்ந்த காலத்தை. தமிழி எழுத்துள்ள பானை ஓட்டுக்கு அந்தக் காலம் வருவது, இரண்டும் கிடைத்த மண்ணடுக்கை வைத்துத்தான்.

இதனால் கீழடியின் பழமை குறைஞ்சு போகாது. ஆனால் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அதுக்குப் பதில், ஒரே அடுக்கிலிருந்து நெல், விதை மாதிரி ஓராண்டு மட்டும் வாழ்ந்த பொருள்களை நிறைய எடுத்து, மேலே கீழே உள்ள அடுக்குகளின் வரிசையோடு சேர்த்துக் கணக்கிடுவது. ஒற்றை எண்ணைக் கொடி மாதிரி தூக்கிப் பிடிப்பதைவிட அது நமக்குப் பலம்.