பொய்யோலை அறிதல்

ஓலையில் எழுதிய காலத்திலேயே அது மெய்யோ பொய்யோ என ஆராயும் முறை நம்மவரிடம் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில், சுந்தரருக்கு எதிராகக் காட்டப்பெற்ற ஆளோலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையோர், அவர்தம் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையுடன் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர். விடுப்புக் கடிதத்தில் தந்தையின் கையொப்பத்தைத் தாமே இட்டுவரும் மாணாக்கரை நான் கண்டுபிடித்ததும் இம்முறையால்தான்.

கையெழுத்தே இல்லாத மடலை எதனோடு ஒப்பிடுவது? 1990களில் அமெரிக்காவில், கணினி வழியே பிறர் மறைச்சொல்லைக் கவர்ந்த வஞ்சகர், மீன்பிடித்தல் என்னும் பொருள்படத் தம் தொழிலுக்குப் 'பிஷிங்' எனப் பெயரிட்டனர். (காசிமேட்டு மீனவர் கேட்டால் வருந்துவர்!) நாஸ்காம் அமைப்பின் பெயரால் பொய் மின்னஞ்சல் விடுத்தோர் வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2005இல் இதனைச் சட்டவிரோதம் என்றுரைத்தது.

வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கு அது 2022இல் குறுஞ்செய்தியாக வந்தது. சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை. இரவு ஒன்பதரை மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும். இந்த எண்ணில் அதிகாரியை அழைக்கவும் என்பது செய்தி. மாநிலமெங்கும் பரவியதால், மின்வாரியமே அதனை நம்ப வேண்டா என அறிவிக்க நேர்ந்தது.

எங்கள் தெருவில் இட்டிலி விற்கும் மூதாட்டி, பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது பில்லு மாசமே இல்லியே, சார்" என்றார். எவ்வளவு நுட்பமான சோதனை! அவ்வாண்டில் நம் வீடுகளுக்கு இரு திங்களுக்கு ஒருமுறையே மின்கணக்கு எடுத்தனர். எழுதியவன் இவ்வூர் வழக்கம் அறியாதவன். மீட்டரருகே தொங்கிய வெள்ளை அட்டையே அம்மூதாட்டிக்கு ஒப்புநோக்கும் ஓலையாயிற்று. மேலும், அது வாரியத்தின் பெயர்க்குறியோடு வராமல், பத்திலக்கத் தனி எண்ணிலிருந்து வந்தது. ஆங்கிலமும் பிழை மலிந்தது. ஆயினும் இலக்கணப் பிழை இன்று வலுவிழந்த சான்று. செயற்கை அறிவுப் பொறிகள் பிழையற்ற மடலை நொடியில் எழுதித் தருகின்றன. மின்னஞ்சலிலோ, மேலே தோன்றும் பெயர் வங்கியுடையதாக இருக்கும், அடியிலுள்ள முகவரி வேறாக இருக்கும். அது கருதியே, வங்கிகளின் இணைய முகவரிகள் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' என முடியுமாறு மாறவேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது.

அதே தெருவில் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் அவ்வெண்ணை அழைத்தார். பத்து ரூபாய் மட்டும் செலுத்துக என்றனர். அதற்கெனச் செயலி ஒன்றை நிறுவச் செய்தனர். அது அவர் கைப்பேசித் திரையைத் தொலைவிலிருந்தோருக்குக் காட்டிக்கொடுப்பது. அவர் 1930 என்னும் உதவி எண்ணை அழைத்தது மூன்றாம் நாள். பணம் அதற்குள் பல கணக்குகள் கடந்திருந்தது.